கையில் கிடைத்த பொருள்: யாங்கோன் ஓவியர் தெய்ன் லின்

(நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்கள் நீக்கப்பட்டு, சில இடங்களில் விளக்கம் சேர்க்கப்பட்டுள்ளது.)

 உங்களில் சிலருக்கு இது காலை, சிலருக்கு நள்ளிரவு. தூக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வந்தவர்களுக்குத் தனியாக நன்றி.

வழக்கமாக நாம் இங்கே நாவல், கவிதை என்று பேசுவோம். இன்று ஓர் ஓவியரைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். அவர் பெயர் தெய்ன் லின். 1966இல் பிறந்தவர், பர்மாவின் ஐராவதி ஆற்றுப் படுகைப் பகுதியைச் சேர்ந்தவர், யாங்கோனைக் களமாகக் கொண்டு இயங்கியவர். அவருடைய வாழ்க்கையில் சாகசம் நிறைய இருக்கிறது. அதைக் கதையாகச் சொன்னாலே ஒரு மணி நேரம் போய்விடும். நான் அதைச் செய்யப்போவதில்லை. எதன்மேல் வரைந்தார், எதைக்கொண்டு வரைந்தார் என்ற எளிய கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வாழ்க்கையில் எது தேவையோ அது தானாகவே அந்தக் கேள்விக்குப் பின்னால் வந்து சேர்ந்துவிடும்.

'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்று நாம் சொல்வதுண்டு. சிறையில் தூரிகை இல்லாமல் வரைந்தவர் என்று கேட்டவுடன் யாருக்கும் இந்தப் பழமொழிதான் நினைவுக்கு வரும். எனக்கும் முதலில் அதுதான் வந்தது. ஆனால் அந்தப் பழமொழியில் புல்லுக்கு மரியாதை இல்லை. வல்லவனின் பெருமையைச் சொல்வதற்காக வந்து போகிற புல் அது. எந்தப் புல், எங்கே முளைத்தது, யார் மிதித்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தெய்ன் லின்னின் வேலைகளை வரிசையாகப் பார்த்தால் இந்தக் கேள்விகள்தான் முக்கியம் என்று தெரிகிறது. அதைத்தான் இன்று விளக்க முயல்கிறேன்.

நமக்கும் ரங்கூனுக்கும் உள்ள உறவை இங்கே யாருக்கும் நான் சொல்லித் தரவேண்டியதில்லை. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்த நகரத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். செட்டியார்களின் வட்டிக்கடை, துறைமுகக் கூலிகள், அச்சகங்கள், கோயில்கள் என்று தமிழர்கள் அங்கே நிறைந்திருந்தார்கள். 1942இல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கானோர் காட்டு வழியாக நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். மிச்சமிருந்தவர்களில் பலரை 1960களில் நே வின் ஆட்சி வெளியேற்றியது. அதன் பிறகு நமக்கு ரங்கூன் என்பது தேக்குப் பெட்டியாகவும் அத்தோ கடையாகவும் சுருங்கிவிட்டது. நாம் வந்தபின் அந்த நகரத்தில் என்ன நடந்தது, அங்கே என்ன வரைந்தார்கள், என்ன எழுதினார்கள் என்று நாம் அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த உரைக்கு அதுவும் ஒரு காரணம்.

காகிதம்

தெய்ன் லின்னுக்கு வருவதற்கு முன் ஒரு மூத்தவரைச் சொல்லவேண்டும். பஜி ஆங் ஸோ. 1990இல் மறைந்தார். பர்மிய நவீன ஓவியத்தைப் பற்றிப் பேசும் எவரும் அவரிடமிருந்துதான் தொடங்குவார்கள். நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்களுக்கு அவர் இன்னும் நெருக்கமானவர், ஏனென்றால் அவர் பத்திரிகை ஓவியர். கதைக்கும் கவிதைக்கும் படம் வரைந்து பிழைத்தவர்.

1951இல் இந்திய அரசின் உதவித்தொகையில் அவர் சாந்திநிகேதன் சென்றார். அது நந்தலால் போஸ் வளர்த்த கலாபவனம். நந்தலால் போஸ் 1938 ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காகக் கிராமத்து வாழ்க்கையைச் சுவரொட்டிகளாக வரைந்தவர். அவற்றைக் கையால் செய்த நாட்டுக் காகிதத்தில், மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் எடுத்த நிறங்களால் வரைந்தார். எங்கே வரைகிறோமோ அந்த மண்ணின் பொருளைக் கொண்டு வரையவேண்டும் என்பது அந்தப் பள்ளியின் ஆதாரமான எண்ணம். ஆங் ஸோ அதை எடுத்துக்கொண்டு ரங்கூன் திரும்பினார்.

1953இல் 'ஷுமாவா' இதழில் வந்த அவருடைய ஓர் ஓவியம் பெரிய சண்டையைக் கிளப்பியது. இது ஓவியமே இல்லை, சித்தம் கலங்கியவன் கிறுக்கியது என்றார்கள். நவீன ஓவியம் முழுவதையுமே அந்தப் பெயரால் கேலிசெய்யும் வழக்கம் பர்மாவில் பிறகு வந்துவிட்டது. அவர் அசரவில்லை. நாற்பது ஆண்டுக்காலம் தொடர்ந்து இதழ்களில் வரைந்தார்.

இங்கே கவனிக்கவேண்டியது, அவருடைய கடைசிக்கால ஓவியங்கள் பெரும்பாலும் ஸ்கெட்ச் பேனாவால் சாதாரணக் காகிதத்தில் வரையப்பட்டவை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் அதே வகைப் பேனா. அதைக்கொண்டு பௌத்த தியான மரபையும் மந்திர எழுத்துகளையும் கோடுகளாகவும் வண்ணங்களாகவும் நெருக்கமாகப் பின்னினார். அந்த மையின் குணம் நமக்குத் தெரியும். வெளிச்சம் பட்டால் நிறம் வெளுக்கும். எண்ணெய் வண்ணம் ஒரு நூற்றாண்டைத் தாண்டும், ஸ்கெட்ச் பேனா ஜன்னலோரத்தில் சில வருடங்களைத் தாண்டாது. ஆகவே அவருடைய மூலப் படங்கள் எளிதில் அழியக்கூடியவை. ஆனால் அச்சான இதழ்கள் பழைய புத்தகக் கடைகளிலும் வீடுகளிலும் தங்கின. ஓவியக்கூடத்துக்கே போகாத வாசகர்கள் நவீன ஓவியத்தை அந்தப் பக்கங்களில்தான் முதலில் பார்த்தார்கள். ஆங் ஸோவின் கண்காட்சி அரங்கு மாத இதழ்தான்.

கையிலிருக்கும் பொருளுக்கும் காட்டும் இடத்துக்கும் உள்ள இந்த உறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தெய்ன் லின்னிடம் இது வேறு வடிவத்தில் வரும்.

துணி

தெய்ன் லின் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். மாணவர் நாடகக் குழுவில் நகைச்சுவை நடிகராகவும் இருந்தார். 1988 ஆகஸ்ட் எழுச்சியில் கலந்துகொண்டார். ராணுவம் சுட்டு அடக்கியபோது பல மாணவர்களைப் போல எல்லைக்கு ஓடி, மணிப்பூரில் அகதி முகாமில் தங்கினார். அங்கே மாண்டலேயைச் சேர்ந்த ஸித் ந்யெய்ன் ஏ என்ற ஓவியரும் அகதியாக இருந்தார். தெய்ன் லின் அவரிடம்தான் ஓவியம் கற்றார்.

அதே மணிப்பூர் எல்லையில்தான் மோரே என்ற ஊர் இருக்கிறது. பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்டு, இங்கே ஒட்டாமல், நடந்தே திரும்பிப் போகப் பார்த்து, அனுமதி கிடைக்காமல் எல்லையிலேயே தங்கிவிட்ட தமிழர்களின் ஊர். தமிழ்ச்சங்கமும் அம்மன் கோயிலும் இன்றும் அங்கே உண்டு. ஒரே எல்லைக்கோட்டில் உள்ளே போக முடியாதவர்களும் உள்ளிருந்து தப்பி வந்தவர்களும் சேர்ந்திருக்கிறார்கள்.

பிறகு தெய்ன் லின் வடக்கே கச்சின் மலைப்பகுதியில் இருந்த மாணவர் படை முகாமுக்குப் போனார். 1991, 92இல் அங்கே சக மாணவர்களே பலரை உளவாளிகள் என்று குற்றம்சாட்டிச் சித்திரவதை செய்தார்கள், பலரைக் கொன்றார்கள். குற்றம்சாட்டப்பட்டவர்களில் அவரும் ஒருவர். தப்பி யாங்கோன் வந்து விட்ட படிப்பை முடித்தார். வரைந்தார், நடித்தார். தெருவில் உடலையே ஊடகமாக்கும் நிகழ்த்துகலையை பர்மாவில் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரானார்.

1998இல் மீண்டும் கைது. யாரோ எழுதிய கடிதம் ஒன்றில் அவர் பெயர் இருந்தது. ஏழு ஆண்டுத் தண்டனை. 2004 நவம்பரில் விடுதலையாகும்வரை ஆறரை ஆண்டுகள் மாண்டலே, மியாங்மியா சிறைகளில் இருந்தார். காகிதமும் பேனாவும் அரசியல் கைதிகளுக்குத் தடைசெய்யப்பட்டவை. தாளில் ஒரு வரி எழுதியதற்காகத் தண்டனை நீண்டவர்கள் உண்டு. அந்த ஆண்டுகளில்தான் அவர் தன் முக்கியமான ஓவியங்களைச் செய்தார். நூற்றுக்கணக்கில்.

எதன்மேல் வரைந்தார்? கைதிகளுக்குக் கொடுக்கப்படும் வெள்ளைப் பருத்தி லோஞ்சியின்மேல். லோஞ்சி என்பது நம் லுங்கிதான், கைலிதான். பர்மிய ஆண்கள் கட்டும் கட்டம்போட்ட பருத்திக் கைலிக்கு அங்கே 'பலேகட்' என்று பெயர். அந்தச் சொல் நம் பழவேற்காட்டிலிருந்து போனது. பழவேற்காட்டுத் துறைமுகத்திலிருந்து கிழக்கே போன துணி ஊர்ப்பெயரையும் கூடவே கொண்டுபோயிருக்கிறது.

வண்ணத்துக்கு, மனம் இளகிய காவலர்கள் மறைத்துக் கொண்டுவந்து தந்த வீட்டுச் சுவர்ப் பெயின்ட். தூரிகைக்கு, கைவிரல். சிகரெட் லைட்டர். ஊசி மருந்து ஏற்றும் சிரிஞ்ச். சாப்பாட்டுக் கிண்ணம். செதுக்கிய சோப்புக்கட்டி. கண்ணாடித் துண்டு.

இவை ஒவ்வொன்றும் எப்படி வேலைசெய்கின்றன என்று பார்க்கலாம். சிரிஞ்சில் பெயின்டை உறிஞ்சி மெல்ல அழுத்தினால் ஒரே கனத்தில் நீளமான கோடு வரும். நம் வீடுகளில் மருதாணிக் கூம்பு பிடித்தவர்களுக்கு அந்தக் கையசைவு பழக்கமானது. அழுத்தம் மாறினால் கோடு திரளும், நடுக்கம் அப்படியே பதியும். லைட்டரின் சிறிய பல்சக்கரத்தைப் பெயின்டில் தோய்த்து உருட்டினால் சீரான புள்ளிக்கோடு விழும். கிண்ணத்தின் விளிம்பைத் தோய்த்து ஒற்றினால் வட்டம். சோப்பில் ஓர் உருவத்தைச் செதுக்கி ஒற்றினால் அது அச்சு, எத்தனை முறை வேண்டுமானாலும் ஒரே உருவத்தைப் பதிக்கலாம். கண்ணாடியின்மேல் பெயின்டைப் பூசி, விரலால் கீறி, துணியை அதன்மேல் விரித்து அழுத்தி எடுத்தால் ஒரே ஒரு பிரதி கிடைக்கும். இரண்டாவது கிடைக்காது.

துணியின் குணத்தையும் பார்க்கவேண்டும். ஓவியர்கள் கித்தானை முதலில் வெள்ளைப் பூச்சு பூசித் தயார்செய்துகொள்வார்கள், வண்ணம் மேலே நிற்பதற்காக. பூச்சில்லாத பருத்தி பெயின்டைக் குடித்துவிடும். ஓரங்கள் கசியும். பின்பக்கம் தெரியும். தவறைத் துடைக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு கோட்டையும் மனதில் முடித்துவிட்டுத்தான் துணியில் வைக்கவேண்டும். இன்னொரு வசதியும் உண்டு. துணியை மடிக்கலாம், சுருட்டலாம், உடம்பில் சுற்றிக்கொள்ளலாம். சட்டமிட்ட ஓவியம் சிறைக்கதவைத் தாண்டாது, ஒரு பழைய லுங்கி தாண்டும். அப்படித்தான் அவை வெளியே வந்தன.

அந்தத் துணியில் வேறொன்றும் இருக்கிறது. அது ஏற்கனவே ஓர் உடம்பின்மேல் இருந்தது. ஒரு கைதி அதைக் கட்டியிருந்தார், அதில் தூங்கினார், அதில் காய்ச்சலில் கிடந்தார். கித்தான் வெற்றுப் பரப்பு, இது வெற்றுப் பரப்பு அல்ல. சிறையைப் பற்றி வரையப்பட்ட ஓவியங்கள் உலகில் ஏராளம். இங்கே சிறையே ஓவியத்தின் நூலாக இருக்கிறது. துணியைக் கழித்துவிட்டு அதே படத்தை நல்ல கித்தானில் வரைந்தால் பாதி சாட்சியம் போய்விடும்.

1999இல் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தினர் பர்மியச் சிறைகளைப் பார்வையிடத் தொடங்கினார்கள். சந்தித்த கைதிகளுக்கு வரிசை எண் கொடுத்தார்கள். தெய்ன் லின்னின் எண் 000235. தன் சிறை ஓவியத் தொடருக்கு அவர் அந்த எண்ணையே பெயராக வைத்தார். அடையாளத்தை அழிக்க எண் கொடுப்பது சிறையின் வழக்கம். ஆனால் இந்த எண்ணை அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இப்படி ஓர் ஆள் இங்கே உயிரோடு இருக்கிறான் என்று வெளியுலகம் குறித்துவைத்துக்கொண்ட எண் அது.

சோப்பு

ஷ்வே வா என்பது பர்மாவில் விற்கும் ஒரு பார் சோப்பு. நம் ஊர் 501 கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மாண்டலே சிறையில் அப்படி ஒரு கட்டியில் தெய்ன் லின் ஓர் உருவத்தைச் செதுக்கினார். நான்கு பக்கமும் அடைபட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து குந்தியிருக்கும் மனிதன். கட்டியின் அளவுதான் அவனுடைய அறை. அதைச் செஞ்சிலுவைப் பிரதிநிதிகளிடம் கொடுத்தார். இங்கே எப்படி இருக்கிறோம் என்று விளக்க மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத ஒரு வாக்கியம் அது.

வெளியே வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, எந்தப் பொருளையும் கடையில் வாங்கலாம் என்ற நிலை வந்தபின், அவர் மறுபடி சோப்புக்கே போனார். அதே உருவத்தைச் செதுக்கிய ஏராளமான சோப்புக்கட்டிகளைத் தரையில் அடுக்கி பர்மாவின் வரைபடமாக்கினார். 2016 சிங்கப்பூர் பியனாலேயில் அது வைக்கப்பட்டது. சிங்கப்பூர் நண்பர்கள் சிலர் பார்த்திருக்கக்கூடும். ஒரு கட்டி ஓர் அறை, எல்லாக் கட்டிகளும் சேர்ந்தால் ஒரு நாடு.

பழமொழியை விட்டு நான் விலகியது இந்த இடத்தில்தான். இல்லாமையால் மட்டும்தான் சோப்பைப் பயன்படுத்தினார் என்றால் விடுதலையானதும் அதை விட்டிருக்கவேண்டும். பளிங்கும் வெண்கலமும் கிடைக்கும் காலத்திலும் அவர் சோப்பைத் தேடிப் போகிறார். சோப்பு அழுக்கைப் போக்கும். தேயும். வாசனையாக அறை முழுக்கப் பரவும். பார்வையாளர் படத்தைப் பார்க்கும் முன்பே அதை முகர்ந்துவிடுகிறார். இதையெல்லாம் வெண்கலம் செய்யாது. சிறையில் கட்டாயமாக வந்த பழக்கம் வெளியே அவருடைய முறையாகிவிட்டது.

மாவுக்கட்டு

விடுதலைக்குப் பின் 2005இல் தெய்ன் லின் தோழி சோ எய் தெய்னுடன் யாங்கோன் தெருவில் ஒரு நிகழ்த்துகலை செய்தார். தெரு வியாபாரிகளைப் போலப் பண்டங்களைப் பழைய காலத்து விலைக்கு விற்றார்கள். விலைவாசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்து நாள் காவலில் வைத்தார்கள். அடுத்த ஆண்டு, பர்மாவில் பிரிட்டிஷ் தூதராக இருந்த விக்கி போமனை மணந்து லண்டன் போனார். சிறைத் துணிகள் பத்திரமாக வெளியேறியதில் அவருக்கும் பங்குண்டு. 2007இல் லண்டன் ஏஷியா ஹவுஸில் அவை 'பர்மா இன்சைட் அவுட்' என்ற பெயரில் காட்சிக்கு வந்தன.

லண்டனில் ஒரு நாள் சைக்கிளிலிருந்து விழுந்து கை உடைந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். உடைந்ததை அசையாமல் பிடித்து வைத்தால் உள்ளே தானாக ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் மாவுக்கட்டின் தத்துவம். அங்கிருந்து ஒரு யோசனை பிறந்தது. 2013இல் நாடு திரும்பி, முன்னாள் அரசியல் கைதிகளைத் தேடித்தேடிப் போய் அவர்களுடைய கைகளை மாவில் அச்செடுத்தார். 'எ ஷோ ஆஃப் ஹேண்ட்ஸ்' என்று பெயர். கை உயர்த்தி வாக்களிப்பது என்றும் பொருள், கைகளின் காட்சி என்றும் பொருள். நானூறுக்கும் மேற்பட்ட கைகள் சேர்ந்தன.

செய்முறை எளிமையானது. மாவு தோய்ந்த கட்டுத்துணியைத் தண்ணீரில் நனைத்து, உயர்த்திய கையில் சுற்றுவார்கள். ஈரமாவு இறுகும்போது சூடாகும், கையைச் சுற்றி இளஞ்சூடு பரவும். அதுவரை கையை அசைக்கக்கூடாது. அந்தக் காத்திருப்பில் உட்கார்ந்திருப்பவர் பேசத் தொடங்குவார். எந்தச் சிறை, எத்தனை ஆண்டு, யார் கூட இருந்தார்கள். அந்தப் பேச்சும் படம்பிடிக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முடிந்த வெள்ளைக் கைதான் கலைப்பொருள். எனக்கு அந்தப் பத்து நிமிடக் காத்திருப்பும் பேச்சும் சேர்ந்துதான் கலைப்பொருள் என்று தோன்றுகிறது. ஒரு கைதியின் கையை இன்னொரு முன்னாள் கைதி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதற்குமுன் அந்தக் கைகளைப் பிடித்தவர்கள் விலங்கு மாட்டுவதற்காகப் பிடித்தவர்கள்.

மாவுக்கு இன்னொரு குணம். ரேகை, நகம், தழும்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். யார் பிரபலம், யார் பெயர் தெரியாதவர் என்று அது பார்ப்பதில்லை. அலமாரியில் வரிசையாக வைத்தால் தலைவர் கையும் தொண்டர் கையும் ஒரே வெள்ளை.

சுவர்

ஓவியத்தைச் செய்வதோடு வேலை முடிவதில்லை, அதை எங்கே மாட்டுவது என்ற கேள்வி இருக்கிறது. யாங்கோனில் பல பத்தாண்டுகள் கண்காட்சி வைக்க முன் அனுமதி வேண்டும். தணிக்கை அதிகாரிகள் அரங்குக்கு வந்து ஒவ்வொரு படமாகப் பார்ப்பார்கள். சிவப்பு அதிகமாக இருந்தால் ஏன் சிவப்பு, கறுப்பு அதிகமாக இருந்தால் ஏன் கறுப்பு என்று கேள்வி வரும். வண்ணத்தைத் தேர்வது ஓவியரின் ரசனை என்று நாம் நினைக்கிறோம். அங்கே அது ஒரு வாக்குமூலம். 2012க்குப் பின் பிடி தளர்ந்தது. பன்சொடான் தெருவைச் சுற்றி ஓவியக்கூடங்கள் பெருகின. 2015இல் யாங்கோன் கோத்தே இன்ஸ்டிடியூட்டின் பழைய மாளிகையில் அந்தக் கைகள் காட்சிக்கு வந்தன. சிறையிலிருந்தவர்கள் தங்கள் கையைத் தாங்களே பார்க்க அங்கே வந்தார்கள். 2017இல் நியூயார்க் ஏஷியா சொசைட்டியிலும் அவற்றில் ஒரு பகுதி வைக்கப்பட்டது.

அந்தத் தளர்ந்த ஆண்டுகளில் அவர் மீண்டும் துணியை எடுத்தார். இம்முறை பெண்கள் கட்டும் தமெய்ன். பெண்ணின் கீழாடைக்கு அடியில் நடந்தால் ஆணின் பெருமை குறையும் என்ற நம்பிக்கை பர்மாவில் வலுவானது. கொடியில் காயும் பாவாடைக்குக் கீழே போகாதே என்று நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறோம். தெய்ன் லின் பெண்களிடம் பழைய தமெய்ன்களையும் அவர்களுடைய கதைகளையும் கேட்டு வாங்கி, அந்தத் துணிகளையே ஓவியப் பரப்பாக்கி யாங்கோன் ரிவர் கேலரியில் தலைக்குமேல் மாட்டினார். 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மார்ச் மாதம் யாங்கோன் தெருக்களில் பெண்கள் குறுக்கே கயிறு கட்டித் தமெய்ன்களைத் தொங்கவிட்டார்கள். சிப்பாய்கள் அதைத் தாண்டி வரத் தயங்கினார்கள். இது அவரிடமிருந்து போனது என்று நான் சொல்லவில்லை. ஓவியர் எடுத்த பொருளும் மக்கள் எடுத்த பொருளும் ஒன்றாக இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். அந்தத் துணியில் எவ்வளவு பயம் சேர்ந்திருக்கிறது என்று இரண்டு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

2022 ஆகஸ்டில் தெய்ன் லின்னையும் விக்கி போமனையும் கைதுசெய்தார்கள். பதிவுசெய்த முகவரியில் தங்கவில்லை என்பது குற்றச்சாட்டு. ஓராண்டுத் தண்டனை. நவம்பரில் பொதுமன்னிப்பில் விட்டார்கள். 2025இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் இக்கான் கலைக்கூடம் அவருடைய வேலைகளை ஒரு பெரிய கண்காட்சியாக வைத்தது. லுங்கிகளும் சோப்பும் கைகளும் அங்கே சுவரில் இருந்தன. அவற்றைச் செய்த நாட்டில் இன்று அப்படி ஒரு சுவர் இல்லை. உடைந்தது ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் போட்ட மாவுக்கட்டு அது. எலும்பு சேர்வதற்குள் மறுபடி அடித்துவிட்டார்கள். இதை மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்தக் கைகளால் பர்மா குணமாகவில்லை. ஆனால் இன்னார் இருந்தார், இவ்வளவு காலம் சிறையில் இருந்தார், கை இப்படி இருந்தது என்பதை இனி யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

நம் பக்கம்

ஒரு நண்பர் அரட்டைப் பெட்டியில் கேட்டிருக்கிறார்: தமிழில் இப்படி யாராவது செய்திருக்கிறார்களா? உடனே நினைவுக்கு வருவது யாழ்ப்பாணத்தின் த. சனாதனன். 2011இல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரைத் தமிழில் 'முற்றுப்பெறாத தோம்பு' என்று சொல்லலாம். தோம்பு என்பது காலனியக் காலத்து நிலப்பதிவேடு. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் எண்பது பேரிடம், விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரக் கேட்டார். வரைபவர்கள் ஓவியர்கள் அல்லர். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எந்தப் பக்கம் என்று கையில் வந்தபடி போட்டார்கள். அந்தக் கோட்டுப்படத்தோடு அதன் ஒழுங்கான கட்டட வரைபடமும், சனாதனன் உலர்ந்த பாஸ்டல் வண்ணத்தில் வரைந்த ஓவியமும் சேர்ந்து ஒரு வீடு ஆகிறது. பாஸ்டல் என்பது தூள். விரல் பட்டால் கலையும். வீட்டின் நினைவுக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை. அங்கேயும் கண்காட்சி அரங்கு புத்தகம்தான், பஜி ஆங் ஸோவுக்கு மாத இதழ் இருந்ததைப் போல.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம்மில் பலர் ஊரைவிட்டு வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் பிள்ளைகள். நம் வீடுகளில் பொருட்கள் இருக்கின்றன. ஒரு ரங்கூன் பெட்டி, தோட்டத்துப் பால்வெட்டுக் கத்தி, தபாலில் வந்த நீலக் கடிதம், யாரோ கட்டிய புடவை. நாம் அவற்றைப் பற்றிக் கதை எழுதுகிறோம். பெரும்பாலும் அவை நம் கதைகளில் அலங்காரமாக வந்து போகின்றன. பழமொழியின் புல்லைப் போல. அந்தப் பொருளை யார் தொட்டார், எதற்குப் பயந்தார், எப்படி மறைத்து எடுத்துவந்தார் என்று அதனிடமே கேட்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்கவேண்டும். மாவு இறுகுவதற்குச் சில நிமிடங்கள்தான், அதற்குள் அவர்கள் பேசிவிடுவார்கள்.

ரங்கூனிலிருந்து நடந்துவந்தவர்களில் அநேகமாக யாரும் இன்று இல்லை. அவர்களுடைய கைகளை யாரும் அச்செடுத்து வைக்கவில்லை.